விதி இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 1930-களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் வந்த சில பேசும் படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் 'அட, இதை எப்படி விட்டார்கள்!' என்று தோன்றும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை அரசியல், கிரிக்கெட், மூட்டுவலிக் கேள்விகளுக்கெல்லாம் விடுமுறை.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சினிமாவுக்கு சென்சாரே கிடையாது, அதனால்தான் இஷ்டத்துக்கு எடுத்தார்கள் என்கிறான் என் நண்பன். உண்மையா?

கால்வாசி உண்மை. சென்சார் இருந்தது, சொல்லப்போனால் ஒன்றுக்குப் பத்தாக இருந்தது. நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹையோ, மேரிலாண்ட், கான்சஸ், வர்ஜீனியா என்று மாநிலங்கள் ஆளுக்கொரு வாரியம் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தன. சிகாகோ மாதிரி நகரங்கள் தங்கள் பங்குக்கு வெட்டின. சினிமா என்பது வெறும் வியாபாரம், அதற்குப் பேச்சுரிமையெல்லாம் கிடையாது என்று 1915-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் கோர்ட்டுக்குப் போயும் பயனில்லை (1952-ல்தான் அந்த நிலை மாறியது). ஒரே படம் நியூயார்க்கில் ஒரு நீளம், கான்சஸில் இன்னொரு நீளம்.

வெளியாள் வந்து வெட்டுவதற்கு முன்னால் நம்மை நாமே திருத்திக்கொள்கிறோம் என்று காட்டிக்கொள்ள, ஸ்டுடியோ முதலாளிகள் 1922-ல் ஒரு சங்கம் வைத்து, தபால் துறை அமைச்சராக இருந்த வில் ஹேஸை அதற்குத் தலைவராக்கினார்கள். 1927-ல் ஒரு பட்டியல் வந்தது: 'கூடவே கூடாது' 11, 'ஜாக்கிரதை' 25. அதுவும் போதாது என்று 1930 மார்ச் 31-ல் முழு விதித்தொகுப்பையே ஏற்றுக்கொண்டார்கள். எழுதியவர்கள் சினிமாத் தொழில் பத்திரிகை நடத்திய மார்ட்டின் குயிக்லி என்பவரும், டேனியல் லார்ட் என்ற ஏசு சபைப் பாதிரியாரும். பார்ப்பவரின் அனுதாபம் குற்றத்தின் பக்கமோ பாவத்தின் பக்கமோ ஒருநாளும் போய்விடக்கூடாது என்பது அதன் முதல் கொள்கை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

ஆனால் அந்த விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தியது 1934 ஜூலையில். இடைப்பட்ட நாலு வருஷச் சொச்சத்தில் வந்தவற்றைத்தான் இன்று 'ப்ரீ-கோட்' படங்கள், அதாவது விதிக்கு முந்தைய படங்கள் என்கிறார்கள். பெயரே தப்பு. விதி சுவரில் ஒட்டித்தான் இருந்தது. 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று பலகை வைத்த மூலையில்தானே தெருவின் மொத்தக் குப்பையும் கிடக்கும், அந்த மாதிரி.

கேள்வி (கோவை வாசகி): கையெழுத்துப் போட்டவர்களே மீறினார்களா? யாரும் தட்டிக் கேட்கவில்லையா?

கேட்டார்கள் அம்மா, மெதுவாக. ஜேசன் ஜாய் என்று ஒரு நல்ல மனிதர் ஹேஸின் அலுவலகத்தில் இருந்து, 'இந்தக் காட்சியைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது' என்று ஸ்டுடியோக்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மேல்முறையீடு உண்டு. அந்த மேல்முறையீட்டைக் கேட்கும் நடுவர்கள் யார் தெரியுமா? மற்ற ஸ்டுடியோக்களின் தயாரிப்பாளர்கள்! இன்றைக்கு உன் படத்தை நான் விட்டால் நாளைக்கு என் படத்தை நீ விடுவாய். திருடர்கள் சேர்ந்து பஞ்சாயத்து வைத்தால் தீர்ப்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் இர்விங் தால்பெர்க். எம்ஜிஎம் ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவர். 1927-ல் 'கூடாது, ஜாக்கிரதை' பட்டியலைத் தயாரித்த குழுவுக்கே அவர்தான் தலைவர். 1930 மார்ச்சில் விதித்தொகுப்பு வருகிறது. அடுத்த மாதமே அவருடைய ஸ்டுடியோவிலிருந்து 'தி டைவோர்ஸி' வெளியாகிறது, அதுவும் அவர் மனைவி நார்மா ஷியரர் நாயகியாக. கணவன் இன்னொருத்தியோடு இருந்தது தெரியவருகிறது. 'அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை' என்கிறான். அவளும் அவன் நண்பனோடு ஓர் இரவைக் கழித்துவிட்டு வந்து, கணக்கை நேர்செய்துவிட்டேன் என்று அவனிடமே சொல்கிறாள். இப்போது ஐயாவுக்கு அது ஒரு பொருட்டாகிவிடுகிறது. இந்த வேஷத்துக்கு ஷியரர் பொருத்தமில்லை, அடக்கமான முகம் என்று கணவரே தயங்க, ஷியரர் ஜார்ஜ் ஹரெல் என்ற இளம் புகைப்படக்காரரிடம் போய்க் கவர்ச்சியாகப் படம் எடுத்துக் காட்டி வேஷத்தை வாங்கினாராம். அந்த நடிப்புக்கு ஆஸ்கரும் கிடைத்தது. பட்டியல் போட்ட கை ஒன்று, பணம் எண்ணிய கை இன்னொன்று.

அப்புறம் முக்கியமான காரணம், காசு. 1929-ல் பங்குச்சந்தை சரிந்து, ஊரே வேலை இல்லாமல் நின்றது. 1933-ல் பாரமவுண்ட் ஸ்டுடியோ திவால், ஆர்கேஓ ஸ்டுடியோ கோர்ட் நியமித்த நிர்வாகியின் கையில். டிக்கெட் விற்றால் போதும் என்ற நிலையில் பாதிரியார் எழுதிய விதியை யார் எடுத்துப் படிப்பது? பாரமவுண்ட் மூச்சுவிட உதவியதில் பெரிய பங்கு மே வெஸ்ட் என்ற அம்மாளுக்கு. முதல் கதாநாயகி வேஷமே நாற்பதைத் தொடும் வயதில்தான். அதற்கு முன்னால் மேடை நாடகம் ஒன்றுக்காக நியூயார்க்கில் சிறைக்குப் போய், 8 நாள் இருந்துவிட்டு வந்தவர்.

கேள்வி (நாகர்கோவில், ஓய்வு பெற்ற ஆசிரியர்): ஊமைப் படக் காலத்திலும் கவர்ச்சி இருந்ததே. பேச்சு வந்ததும் என்ன புதிதாகக் கெட்டுப்போனது?

ஐயா, நல்ல கேள்வி. எனக்கும் இதுதான் சுவாரசியமான இடம்.

ஊமைப் படத்தில் ஒரு காட்சி பிடிக்காவிட்டால் வெட்டி எறியலாம், நடுவில் வரும் எழுத்து அட்டையை மாற்றி, கள்ளக்காதலியைத் தங்கையாக்கிவிடலாம். பேசும் படத்தில் அது நடக்காது. 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தபோது வார்னர் ஸ்டுடியோ பயன்படுத்திய முறையில் ஒலி பிலிமில் இல்லை, தனியாக ஓர் இசைத்தட்டில் இருந்தது. 16 அங்குலத் தட்டு, ஒரு ரீலுக்கு ஒன்று. சென்சார்காரர் பிலிமில் ஐந்து விநாடி வெட்டினால் தட்டில் அந்த ஐந்து விநாடி அப்படியே இருக்கும். அதற்கப்புறம் ரீல் முடியும் வரை உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். வெட்டிய இடத்தில் அதே அளவு கறுப்புப் பிலிம் ஒட்டினால்தான் சமாளிக்கலாம். தியேட்டரில் திடீரென்று திரை இருண்டு, குரல் மட்டும் கேட்டால், காட்டியதைவிட மோசமாக அல்லவா ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள்! ஒலி பிலிமுக்கே வந்த பிறகும் வசனத்தின் நடுவே வெட்டினால் துண்டு துண்டாகத்தான் கேட்டது. படம் எடுத்து முடித்த பின் வெட்டுவது நஷ்டம், எடுக்கும் முன்பே விதி வேண்டும் என்று முதலாளிகள் 1930-ல் தலையாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, எழுதியவர்கள். பேச்சு வந்ததும் வசனம் எழுத ஆள் வேண்டுமே, நியூயார்க் நாடகக்காரர்களையும் சிகாகோ பத்திரிகை நிருபர்களையும் ரயிலேற்றிக் கூட்டிவந்தார்கள். 'ஸ்கார்ஃபேஸ்' என்ற ரவுடிப் படத்தை எழுதிய பென் ஹெக்ட் சிகாகோ நிருபர்தான். இவர்கள் சாராயக்கடையிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்ட பேச்சை அப்படியே கொண்டுவந்தார்கள். மே வெஸ்ட் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. அவர் வசனத்தைத் தாளில் படித்தால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும். அவர் ஒரு 'ம்ம்...' சேர்த்து இழுத்துச் சொன்னால் கூட்டம் நெளியும். இழுப்பை எந்தக் கத்தரிக்கோல் வெட்டும்?

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): எனக்கு நேரம் கம்மி. ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

'பேபி ஃபேஸ்', 1933, வார்னர். ஒன்றேகால் மணி நேரம்தான், வகுப்பைக் கட் அடிக்கத் தேவையில்லை.

பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஊர். இரும்பாலைப் புகைக்கு நடுவே கள்ளச்சாராயக் கடை நடத்தும் அப்பா, வருகிறவனுக்கெல்லாம் மகளையும் சேர்த்து விற்கிறார். மகள் லில்லியாக பார்பரா ஸ்டான்விக். அந்தக் கடைக்கு வரும் செருப்புத் தைக்கும் கிழவர் ஒருவர் நீட்ஷே என்ற ஜெர்மன் தத்துவஞானியைப் படிப்பவர். 'உனக்கு ஆண்கள் மேல் அதிகாரம் இருக்கிறது, அவர்கள் உன்னைப் பயன்படுத்த விடாதே, நீ அவர்களைப் பயன்படுத்து' என்கிற அர்த்தத்தில் உபதேசம் செய்கிறார். சாராயம் காய்ச்சும் அடுப்பு வெடித்து அப்பா சாக, லில்லியும் கடையில் வேலை பார்த்த சீக்கோ என்ற கறுப்பினப் பெண்ணும் சரக்கு ரயிலில் திருட்டுத்தனமாக ஏறி நியூயார்க் போகிறார்கள். ரயிலில் காவல்காரன் பிடித்துவிடுகிறான். லில்லி சிரிக்கிறாள். கை ஒன்று லாந்தரை அணைக்கிறது. தூரத்தில் சீக்கோ பாடுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

நியூயார்க்கில் ஒரு வங்கி, அடுக்குமாடிக் கட்டடம். லில்லி கீழ்த்தளத்தில் வேலைக்குச் சேருகிறாள். அதற்கப்புறம் டைரக்டர் செய்திருக்கும் வேலை இருக்கிறதே, அதற்காகவே படத்தைப் பார்க்கலாம். அவள் ஓர் அதிகாரியை வளைத்துப்போட்டதும் கேமரா கட்டடத்தின் வெளிப்புறமாக ஒரு மாடி ஏறும், ஜன்னலுக்குள் அடுத்த துறையின் பெயர்ப்பலகை தெரியும், பின்னணியில் ஒரு டிரம்பெட் இழுக்கும். அடுத்த ஆள், அடுத்த மாடி. கோப்புப் பிரிவு, அடமானக் கடன் பிரிவு, கணக்குப் பிரிவு என்று கட்டில் எதையும் காட்டாமலேயே அவள் எத்தனை கட்டிலைத் தாண்டினாள் என்று நமக்குக் கணக்குத் தெரிந்துவிடும். கோட்டும் டையுமாக ஏமாந்து நிற்கும் ஓர் அப்பாவி குமாஸ்தாவைக் கவனியுங்கள், பிற்காலத்துக் குதிரைவீரர் ஜான் வெய்ன்தான் அது.

இந்தப் படம் விதி அமலாவதற்கு முன்பே அடிபட்டது. நியூயார்க் வாரியம் அனுமதி மறுக்க, வார்னர் திருத்தியது. ரயில் காட்சி போயிற்று. செருப்புத் தைக்கும் கிழவர், நல்வழி ஒன்று உண்டு, தப்பான வழிக்கு விலை அதிகம் என்று போதிப்பவராக மாறினார். எப்படி மாற்றினார்கள் என்கிறீர்கள்? கேமரா அவர் முதுகுப் பக்கம் இருக்கும்போது புதிய வசனத்தை டப் செய்து ஒட்டினார்கள். கடைசியில் ஓர் ஒட்டு: லில்லியும் கணவனும் பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் இரும்பாலையில் கூலி வேலை பார்க்க, ஏழையாக சந்தோஷமாக இருக்கிறார்களாம். எந்தப் புகையிலிருந்து அவள் தப்பி வந்தாளோ அதற்குள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், பாருங்கள் கொடுமையை.

2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பிலிம் காப்பகத்தில் இந்தப் படத்தின் இரண்டு நெகட்டிவ்கள் இருந்ததில், ஒன்று மற்றதைவிட நீளமாக இருப்பதைக் கவனித்தார்கள். ஓட்டிப் பார்த்தால், வெட்டுப்படாத படம். வித்தியாசம் ஐந்து நிமிஷம்தான். நான் முதலில் பார்த்தது வெட்டுப்பட்ட பிரதியை, வெகு நாள் கழித்துத்தான் முழுசு கிடைத்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் ஆள் மாறிவிடுகிறாள்: முதலாவதில் வழிதவறித் திருந்திய பெண், இரண்டாவதில் யோசித்துச் செய்த பெண்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்கிறார், சென்னை): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார், அந்த மாதிரி காட்சிகள் எந்தெந்தப் படத்தில்?

பெயர் வேண்டாம் என்றபோதே புரிந்துவிட்டது. 1932-ல் செசில் பி. டிமில் எடுத்த ரோமாபுரிப் பக்திப் படத்தில் கிளாடெட் கோல்பெர்ட் கழுதைப்பாலில் குளிப்பார். 1934 டார்ஜான் படத்தில் தண்ணீருக்கடியில் ஒரு நிர்வாண நீச்சல், நீந்தியது நாயகி அல்ல, ஜோசஃபின் மெக்கிம் என்ற ஒலிம்பிக் வீராங்கனை. அது வெட்டப்பட்டு, அரை நூற்றாண்டு கழித்துத்தான் திரும்பி வந்தது. போதுமா? இந்தக் காலத்து சோப்பு விளம்பரத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கேள்வி (சேலம் வாசகர்): அப்படியானால் உண்மையில் எதற்குத்தான் அவ்வளவு எதிர்ப்பு?

முடிவுக்கு. நான் இத்தனை வருஷம் இந்தப் படங்களைப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: தோலைக் காட்டியதைவிட, தப்பு செய்தவள் தண்டனை இல்லாமல் தப்பித்ததுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. நம் படங்களில் கெட்டவள் கடைசி ரீலில் குண்டடி பட்டோ, மாடிப்படியில் உருண்டோ சாக வேண்டும் என்று எழுதாத சட்டம் இருந்ததே, அதை எழுதியே வைத்த ஊர் அது. 1932-ல் 'ரெட்-ஹெடட் உமன்' என்ற படத்தில் ஜீன் ஹார்லோ முதலாளியின் குடும்பத்தைக் கலைத்து, கணவனையே சுட்டு (அவன் பிழைத்துக்கொள்கிறான்), கடைசியில் பாரிஸில் ஒரு பணக்காரக் கிழவரோடு காரில் ஜம்மென்று போகிறாள். காரை ஓட்டுவது அவளுடைய காதலன். 'சுபம்'. பாதிரியார் எழுதிய முதல் கொள்கையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்கு இதைவிடப் பெரிய அறை கிடையாது.

பெண்கள் விஷயம் மட்டும் இல்லை. ரவுடிப் படங்களும் இதே வழக்கில்தான் மாட்டின. 'ஸ்கார்ஃபேஸ்' வெளியாவதற்குள் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் பட்ட பாடு! படத்தின் பெயரோடு 'தேசத்தின் அவமானம்' என்று ஒரு வால் சேர்த்தார்கள். போலீஸ் குண்டில் சாகும் நாயகன் போதாது, சட்டம் தூக்கிலிட்டால்தான் பாடம் என்றதால் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். நாயகனாக நடித்த பால் முனி அப்போது கிடைக்கவில்லை, அதனால் கோர்ட்டிலும் தூக்குமேடையிலும் நாயகன் முகமே தெரியாது! யாரையோ தூக்கில் போடுகிறார்கள், நாம்தான் இவன் என்று நம்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவு செய்தும் நியூயார்க் வாரியம் மறுக்க, வாரியம் இல்லாத மாநிலங்களில் ஹியூஸ் பழைய முடிவோடே ஓட்டினார்.

அதே பால் முனி, அதே 1932, 'ஐ ஆம் எ ஃப்யூஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்'. இதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவன், வேலை கிடைக்காமல் அலைந்து, செய்யாத குற்றத்துக்குச் சங்கிலிபூட்டிய கைதிக் கும்பலில் கல் உடைக்கிறான். ஜார்ஜியா மாநிலத்தில் இப்படி மாட்டி, இரண்டு முறை தப்பிய ராபர்ட் பர்ன்ஸ் என்பவரின் சொந்தக் கதை அது, படம் ஓடும்போது அவர் இன்னும் தேடப்படும் ஆள். கடைசிக் காட்சியில் இருட்டுச் சந்தில் காதலியைப் பார்க்க வருகிறான், ஒரு சத்தம் கேட்டதும் பின்வாங்குகிறான். எப்படிப் பிழைக்கிறாய் என்று அவள் கேட்கிறாள். முகம் இருட்டுக்குள் கரைந்துவிட்டது, குரல் மட்டும் வருகிறது: "திருடுகிறேன்." திரை கறுப்பு. படம் முடிந்தது. நியூ ஜெர்சியில் இருந்த பர்ன்ஸை ஜார்ஜியா கேட்டபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஒப்படைக்க மறுத்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து இப்படி ஒரு முடிவைத் தாளில் எழுதியிருந்தால்கூட வெளியே வந்திருக்காது.

கேள்வி (மதுரை வாசகி): அப்படியானால் அந்தக் காலத்து ஹாலிவுட் நம்மைவிட முற்போக்கு என்று சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். 1933-ல் 'ஃபீமேல்' என்று ஒரு படம், கார் தொழிற்சாலையின் முதலாளியம்மா, பிடித்த ஊழியரை இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து, காலையில் யாரென்றே தெரியாத மாதிரி நடத்துகிறவர். முக்கால் படம் அட்டகாசம். கடைசி ஐந்து நிமிஷத்தில் தொழிற்சாலையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, நான் ஒன்பது பிள்ளை பெறப்போகிறேன் என்கிறார்! டிவி ரிமோட்டைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது.

நிறம் என்று வந்தால் இன்னும் மோசம். 'பேபி ஃபேஸில்' சீக்கோவாக வரும் தெரசா ஹாரிஸ் நாயகிக்குத் தோழி மாதிரி நடத்தப்படுவதே அன்றைக்கு அபூர்வம், ஆனாலும் வேஷம் வேலைக்காரிதான், அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் அதே வேஷம். சீனர்களாக வெள்ளைக்காரர்கள் கண்ணை இழுத்து ஒட்டிக்கொண்டு நடித்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டக்கூடாது என்பது விதியிலேயே இருந்தது, மற்ற விதிகளைக் காற்றில் விட்டவர்கள் இதை மட்டும் ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அன்னா மே வாங் மாதிரி ஒரு சீன வம்சாவளி அமெரிக்க நடிகை, சீன விவசாயிக் குடும்பத்தின் கதையான 'தி குட் எர்த்' 1937-ல் படமானபோதுகூட நாயகி ஆக முடியவில்லை. நாயகனாக வெள்ளைக்காரர் பால் முனி, அதனால் மனைவியும் வெள்ளைக்காரிதான்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): இந்தக் கூத்து எப்படி முடிந்தது?

மணியடித்தது கோயில்கள். 1934-ல் கத்தோலிக்க ஆயர்கள் ஓர் ஒழுக்க அணியைத் தொடங்கி, ஆபாசப் படங்களைப் பார்க்க மாட்டோம் என்று பூசையிலேயே உறுதிமொழி வாங்கினார்கள். ஃபிலடெல்ஃபியாவின் கார்டினல் டோகர்ட்டி இன்னும் ஒரு படி மேலே போய், நல்ல படம் கெட்ட படம் என்றெல்லாம் பார்க்க வேண்டாம், தியேட்டர் பக்கமே போகாதீர்கள் என்றார். தியேட்டர்கள் காலியாகத் தொடங்கியதும் முதலாளிகளுக்கு பக்தி வந்துவிட்டது. ஜோசப் ப்ரீன் என்ற முன்னாள் பத்திரிகைக்காரரை உட்காரவைத்து, அவர் சான்றிதழ் இல்லாத படத்துக்கு 25,000 டாலர் அபராதம் என்றார்கள். பழைய மேல்முறையீட்டுப் பஞ்சாயத்துக்கு மூடுவிழா. ப்ரீன் படத்தைப் பார்த்து வெட்டுகிறவர் இல்லை, கதை தாளில் இருக்கும்போதே பேனாவை எடுத்துவிடுவார். அதுதான் வித்தியாசம். முதல் சான்றிதழ் ஜான் ஃபோர்டின் படம் ஒன்றுக்குப் போனது. நடுவில் கொஞ்ச காலம் தவிர, கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்த நாற்காலியை அவர் விடவில்லை, விதித்தொகுப்பு முழுசாகப் போனது 1968-ல்.

எனக்கு ஆத்திரம் அடுத்து நடந்ததில்தான். பழைய படங்களை மறுபடி வெளியிட வேண்டுமானாலும் ப்ரீனிடம் போக வேண்டும். 'கிங் காங்' 1938-ல் திரும்ப வந்தபோது குரங்கு நாயகியின் உடையை உரித்து முகர்ந்து பார்க்கும் இடம் போயிற்று. டைரக்டர் லூபிட்ஷின் 'ட்ரபிள் இன் பாரடைஸ்' 1935-ல் மறுக்கப்பட்டு, 1968 வரை பெட்டிக்குள் கிடந்தது. பல நேரம் வெட்டியது பிரதியில் இல்லை, மூல நெகட்டிவிலேயே! 'லவ் மீ டுநைட்' படத்தில் வெட்டியவை இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரே ஒரு நல்லது நடந்தது: 1931 'மால்டீஸ் ஃபால்கன்' படத்தை மறுபடி ஓட்ட ப்ரீன் விடாததால் வார்னர் அந்தக் கதையை மறுபடி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று, 1941-ல் எடுத்ததுதான் நாம் எல்லோரும் கொண்டாடும் ஹம்ஃப்ரி போகார்ட் படம்.

கேள்வி (அதே தூத்துக்குடி வாசகர், இன்னொரு தபால் அட்டையில்): கட்டுப்பாடு இருந்தால்தான் கலைஞன் சூசகமாக, அழகாகச் சொல்லுவான் என்பார்களே?

சொல்கிறவர்கள் சொல்லட்டும். லாந்தரை அணைத்த கை, மாடி ஏறிய கேமரா, இருட்டுக்குள் கரைந்த முகம், இவையெல்லாம் சூசகம் இல்லையா? விதி வருவதற்கு முன்பே லூபிட்ஷ் மூடிய கதவைக் காட்டியே முழுக் கதையும் சொன்னவர். பூட்டு வருவதற்கு முன்பே சாவி இருந்தது.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): அதே காலத்தில் நம்மூரில்?

நம்மூரில் 1920 முதலே சென்னையில் சென்சார் வாரியம், போலீஸ் கமிஷனர் பிடியில். வெள்ளைக்காரனுக்கு அமெரிக்கப் படங்களைப் பற்றி வேறு கவலை: திரையில் வெள்ளைக்காரப் பெண்கள் குடித்து ஆடுவதைப் பார்த்து இந்தியனுக்குத் தங்கள் மேல் மரியாதை போய்விடுமே என்று. 1927-ல் ஒரு விசாரணைக் குழுவே அமைத்தார்கள், தலைவர் நம்ம சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தபோது அதில் காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு வந்தது, நம்மூர்த் துணிச்சல் அந்தப் பக்கம்தான் போயிற்று. முத்தம், அணைப்பு என்றால் எல்லிஸ் ஆர். டங்கனைச் சொல்ல வேண்டும், 1935-ல் அமெரிக்காவிலிருந்து வந்து சென்னையில் தங்கி, தமிழ் தெரியாமலேயே தமிழ்ப் படம் எடுத்தவர். 1950-ல் அவருடைய 'பொன்முடி'யில் காதலர்கள் நெருங்கிய நெருக்கத்துக்குப் பத்திரிகைகளில் திட்டு விழுந்தது. அதைத் தனியாக ஒரு முறை எழுதுகிறேன்.

கேள்வி (ஈரோடு வாசகி): என் ஏழு வயதுப் பெண்ணுக்கு பெட்டி பூப் கார்ட்டூன் என்றால் உயிர். அதையும் ப்ரீன் விட்டுவைக்கவில்லையாமே?

விட்டுவைக்கவில்லை. 1934 வரை குட்டைப் பாவாடையும் தொடையில் ஒரு பட்டியுமாக ஆடியவள், அதற்கப்புறம் கழுத்து மூடி, பாவாடை முழங்காலுக்கு இறங்கி, வீட்டு வேலையில் மும்முரமாகிவிட்டாள். துணைக்கு ஒரு நாய்க்குட்டி, ஒரு தாத்தா. உங்கள் பெண் பார்ப்பது எந்த பெட்டி என்று தெரிய வேண்டுமானால், நாய்க்குட்டி வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.